செல்போனில் வரும் 'ஷேர் மார்க்கெட்' அல்வா! முதியோரின் ஓய்வுப் பணத்தைச் சுருட்டும் கும்பல்: ஏமாந்தால் உடனே அடிக்க வேண்டிய நம்பர் 1930

கங்கைகொண்டான்:

"தினமும் 2 சதவீதம் லாபம்", "ஒரு லட்சம் போட்டால் ஒரே மாதத்தில் இரண்டு லட்சம்" என்று ஆசை வார்த்தை காட்டி, வயதானவர்களின் வாழ்நாள் சேமிப்பை வழித்து எடுக்கும் ஆன்லைன் முதலீட்டு மோசடி நாடு முழுவதும் பெருகி விட்டது. இந்தக் கும்பலுக்கு ஊரும் கிடையாது, ஆபீசும் கிடையாது. கையில் ஸ்மார்ட்போனும் பேங்கில் நாலு காசும் இருந்தால் போதும், கதவைத் தட்டி விடுவார்கள்.

நெல்லையை அடுத்த கங்கைகொண்டான் பகுதியில் சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. பக்கத்திலேயே தாழையூத்து சங்கர்நகரில் சிமெண்ட் ஆலை. ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், அரசு பஸ்சில் டிரைவர், கண்டக்டராக இருந்து ரிட்டயர்டு ஆனவர்கள், நிலம் விற்ற காசை பிக்சட் டெபாசிட்டில் போட்டவர்கள், பீடி சுற்றி சிறுகச் சிறுகச் சேர்த்த பெண்கள் என்று பலரும் வாழும் பகுதி இது. மகன் சென்னையில் இருப்பான், மகள் வெளிநாட்டில் இருப்பாள். வீட்டில் இரண்டு பெரியவர்களும் ஒரு செல்போனும்தான். இப்படிப்பட்ட வீடுகள்தான் மோசடி கும்பலின் முதல் குறி.

இதில் பணத்தைக் காப்பாற்ற ஒரே வழி, ஏமாந்தது தெரிந்த அந்த நிமிடமே புகார் செய்வதுதான். ஆனால் பெரியவர்கள் பலர் "பிள்ளைங்க என்ன சொல்லுமோ, ஊர்ல அசிங்கமால்லா போயிரும்" என்று வாயை மூடிக் கொள்கிறார்கள். அந்த மவுனம்தான் கும்பலுக்குக் கிடைக்கும் போனஸ்.

ஒரே ஆண்டில் ரூ.22 ஆயிரம் கோடி!

சைபர் மோசடிகளால் 2024-ம் ஆண்டு மட்டும் நாடு முழுவதும் மக்கள் இழந்த தொகை ரூ.22 ஆயிரத்து 845 கோடி என்று மத்திய உள்துறை அமைச்சகம் 2025 ஜூலையில் பாராளுமன்றத்தில் தெரிவித்தது. அதற்கு முந்தைய 2023-ம் ஆண்டில் இது ரூ.7 ஆயிரத்து 465 கோடிதான். ஒரே வருடத்தில் மூன்று மடங்கு!

அதே சமயம், 2021-ல் தொடங்கப்பட்ட நிதி மோசடி புகார் முறையின் மூலம் 2025 ஜூலை வரை ரூ.5 ஆயிரத்து 400 கோடிக்கு மேல் தடுத்துக் காப்பாற்றப்பட்டு இருக்கிறது. அந்தப் பணம் எல்லாம் வெட்கப்படாமல் உடனே போன் செய்தவர்களின் பணம்.

தூண்டில் போடுவது எப்படி?

அரசு பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் என்று வைத்துக் கொள்வோம். பேஸ்புக் பார்த்துக் கொண்டிருக்கிறார். பிரபலமான ஒருவர் "இந்தத் திட்டத்தில் பணம் போடுங்கள்" என்று பேசும் வீடியோ வருகிறது. முகமும் அவருடையது, குரலும் அவருடையது. ஆனால் பேசியது அவர் அல்ல. கம்ப்யூட்டரில் உருவாக்கிய போலி வீடியோ. மத்திய நிதி மந்திரி நிர்மலா சீதாராமன் முதலீட்டுத் திட்டத்தைச் சிபாரிசு செய்வது போல பரவிய வீடியோக்கள் போலியானவை என்று மத்திய அரசின் பத்திரிகை தகவல் அலுவலகம் 2025-ல் எச்சரித்தது. தேசிய பங்குச்சந்தையின் தலைமை அதிகாரி பேசுவது போன்ற போலி வீடியோ பற்றி 2024 ஏப்ரலில் அந்தப் பங்குச்சந்தையே எச்சரிக்கை வெளியிட்டது.

வீடியோவில் இருக்கும் லிங்க்கைத் தொட்டால் வாட்ஸ்அப் அல்லது டெலிகிராம் குரூப்பில் சேர்த்து விடுவார்கள். அதில் நூறு பேர், இருநூறு பேர் இருப்பார்கள். "நேத்து மட்டும் முப்பதாயிரம் வந்துச்சு", "சாருக்கு கோடி நன்றி" என்று மாறி மாறி போட்டுக் கொண்டே இருப்பார்கள். லாபம் வந்ததாக போட்டோவும் போடுவார்கள். குரூப்பில் புதுசாக வந்த நாலைந்து பேரைத் தவிர மற்ற எல்லோரும் அந்தக் கும்பலின் ஆட்களே. இது தெரியாமல் "இத்தனை பேரா பொய் சொல்லுவாங்க?" என்று பெரியவர் நம்பி விடுகிறார்.

அடுத்து ஒரு பெண் தனியாகப் பேசுவாள். "அங்கிள், சாப்பிட்டீங்களா? பிரஷர் மாத்திரை போட்டீங்களா?" என்று அக்கறையாக விசாரிப்பாள். சொந்தப் பிள்ளைகள் கேட்காத கேள்வி! பத்து நாள் பணம் பற்றிய பேச்சே இருக்காது. அதற்குப் பிறகுதான் ஆப் லிங்க் வரும்.

முதலில் ஆயிரம் கொடுப்பான்... பிறகு?

அந்த ஆப், நிஜமான ஷேர் மார்க்கெட் கம்பெனி ஆப் போலவே இருக்கும். பெயரும் கிட்டத்தட்ட அதேதான். பெரியவர் 10 ஆயிரம் ரூபாய் போடுவார். மறுநாள் 12 ஆயிரம் என்று காட்டும். "வேணும்னா ஆயிரம் எடுத்துப் பாருங்க" என்பார்கள். எடுத்தால் நிஜமாகவே பேங்கிற்கு ஆயிரம் வந்து விடும். மீன் பிடிக்கிறவன் புழுவை மாட்டுவது போலத்தான் இந்த ஆயிரம்.

நம்பிக்கை வந்த பெரியவர் பிக்சட் டெபாசிட்டை உடைக்கிறார். 2 லட்சம், 5 லட்சம் என்று போகிறது. ஆப்பில் 40 லட்சம், 50 லட்சம் என்று காட்டுகிறது. அது வெறும் படம். அங்கே ஷேரும் இல்லை, பணமும் இல்லை. அனுப்பிய பணம் அன்றைக்கே கைமாறி விட்டது.

"சரி, எடுத்துக்கிறேன்" என்று சொல்லும்போதுதான் கும்பலின் முகம் மாறும். "லாபத்துக்கு 20 சதவீதம் டாக்ஸ் முதலில் கட்டுங்கள்", "அக்கவுண்ட் முடங்கி விட்டது, திறக்க 2 லட்சம் டெபாசிட் போடுங்கள்" என்பார்கள். போட்ட பணத்தை எடுக்க வேண்டுமே என்ற பதைப்பில், நகையை அடகு வைத்து அதையும் கட்டுகிறவர்கள் உண்டு. கட்டிய பிறகு குரூப்பும் இருக்காது, ஆப்பும் திறக்காது. கும்பல் கம்பி நீட்டி விடும்.

உங்கள் பணத்தை எடுக்க நீங்களே பணம் கட்ட வேண்டும் என்று எவன் சொன்னாலும் அது மோசடிதான். ஷேர் லாபத்துக்கான வரியை நாம்தான் வருமான வரித்துறைக்குச் செலுத்துவோம். லாபத்தை எடுக்கும் முன் வரியை இன்னொருவர் அக்கவுண்டில் கட்டச் சொல்லும் வழக்கம் எங்கும் கிடையாது.

அன்றைக்கு திருப்பூர் பாசி!

ஆன்லைன் முதலீடு என்ற பெயரில் ஏமாற்றுவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2008, 2009-ம் ஆண்டுகளில் திருப்பூரில் இயங்கிய 'பாசி' நிறுவனம், ஆன்லைனில் வெளிநாட்டு கரன்சி வர்த்தகம் செய்து அதிக லாபம் தருவதாகக் கூறி 58 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சுமார் ரூ.930 கோடி வசூலித்தது. இந்த வழக்கை சி.பி.ஐ. விசாரித்தது. 2022 ஆகஸ்டு மாதம் கோவையில் உள்ள முதலீட்டாளர் பாதுகாப்பு சட்ட சிறப்பு கோர்ட்டு, இயக்குனர்கள் இரண்டு பேருக்கு தலா 27 ஆண்டு ஜெயில் தண்டனையும், ரூ.171 கோடிக்கு மேல் அபராதமும் விதித்தது. தீர்ப்பு வருவதற்குள் 13 ஆண்டுகள் ஓடி விட்டன. 60 வயதில் பணம் போட்டவருக்கு அப்போது 73 வயது.

பாசிக்காவது திருப்பூரில் ஆபீஸ் இருந்தது, ஆட்கள் இருந்தார்கள். இப்போதைய கும்பல்களில் பல மியான்மர், கம்போடியா போன்ற நாடுகளில் இருந்து இயங்குகின்றன. கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன இந்திய இளைஞர்களையே அங்கே அடைத்து வைத்து, மிரட்டி இந்த மோசடியைச் செய்ய வைக்கிறார்கள். 2022 அக்டோபரில் மியான்மரில் இருந்து தமிழர்கள் 13 பேர் மீட்டு அழைத்து வரப்பட்டனர். 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்களில் 549 இந்தியர்கள் தாய்லாந்து வழியாக அழைத்து வரப்பட்டனர். ஆளைத் தேடிப் பிடித்து பணம் வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு இதுவே சாட்சி. அதனால்தான் ஆளைத் துரத்தும் முன்பு பணத்தை மறிக்க வேண்டும்.

கண்டுபிடிப்பது எப்படி?

பணம் போடும் முன் இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

1. லாபம் நிச்சயம் என்று சொல்கிறார்களா? ஷேர் மார்க்கெட்டில் லாபத்துக்கு உத்தரவாதம் தர செபியில் பதிவு பெற்ற யாருக்கும் அனுமதி இல்லை. தினமும் 2 சதவீதம் என்ற கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு லட்சம் ரூபாய் ஒரே வருடத்தில் 13 கோடியைத் தாண்டும். அப்படி ஒரு வித்தை தெரிந்தவன் உங்கள் ஒரு லட்சத்தை ஏன் கேட்கிறான்?

மூத்த குடிமக்களுக்கான அரசு சேமிப்புத் திட்டத்துக்கே 2023 ஏப்ரலில் இருந்து 2025 டிசம்பர் வரை வருடத்துக்கு 8.2 சதவீதம்தான் வட்டி. ஒரு லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரூ.2 ஆயிரத்து 50. அரசு கொடுப்பதே இவ்வளவு என்றால், அதை ஒரே வாரத்தில் தருகிறேன் என்பவனை சந்தேகப்படத்தான் வேண்டும்.

2. பணம் யார் பெயருக்குப் போகிறது? பதிவு பெற்ற புரோக்கர் என்றால் பணம் அந்தக் கம்பெனியின் அக்கவுண்டுக்குத்தான் போகும். மோசடி என்றால் இன்று ஒரு டிரேடர்ஸ், நாளை ஒரு எண்டர்பிரைசஸ், மறுநாள் முன்பின் தெரியாத ஒரு ஆள் பெயர் என்று அக்கவுண்ட் மாறிக் கொண்டே இருக்கும். 2025 அக்டோபர் முதல் செபியில் பதிவு பெற்ற புரோக்கர்களுக்கு தனி யு.பி.ஐ. முகவரி வந்துள்ளது. அதில் 'வேலிட்' என்ற சொல் இருக்கும். பணம் அனுப்பும்போது பச்சை முக்கோணத்துக்குள் கட்டைவிரல் அடையாளம் தெரியும். 'செபி செக்' என்ற வசதியில் அக்கவுண்ட் நம்பரைக் கொடுத்தும் சரிபார்க்கலாம்.

3. ஆப் எங்கே இருந்து வந்தது? வாட்ஸ்அப்பில் அனுப்பிய லிங்க்கில் இருந்து ஆப் இறக்கச் சொன்னால் இறக்கவே கூடாது. அது உங்கள் போனையே அவர்கள் கையில் கொடுத்து விடும்.

4. ஷேர் எங்கே இருக்கிறது? நிஜமாக ஷேர் வாங்கினால் அது உங்கள் டீமேட் கணக்கில் இருக்கும். என்.எஸ்.டி.எல். அல்லது சி.டி.எஸ்.எல். நிறுவனத்திடம் இருந்து கணக்கு அறிக்கை வரும். ஆப்பில் மட்டும் தெரிந்து அந்த அறிக்கையில் இல்லை என்றால் அது ஷேரே இல்லை.

5. "வெளிநாட்டு முதலீட்டாளர் கோட்டாவில் தள்ளுபடி விலைக்கு ஷேர் வாங்கித் தருகிறோம்" என்கிறார்களா? உள்நாட்டில் வசிக்கும் இந்தியர்களுக்கு அந்த வழியே கிடையாது என்று செபி 2024 பிப்ரவரியில் தெளிவாக எச்சரித்துள்ளது.

6. "யாரிடமும் சொல்லாதீர்கள், பேங்கில் கேட்டால் வீட்டு விசேஷம் என்று சொல்லுங்கள்" என்கிறார்களா? மறைக்கச் சொன்னாலே உஷார். நல்ல காரியத்தை மகனிடம் சொல்ல என்ன பயம்?

செபி சான்றிதழை அனுப்பி விட்டார்களே என்று நம்பி விடவும் கூடாது. நிஜ கம்பெனியின் பதிவு எண்ணை காப்பி அடித்து போலி சான்றிதழ் தயாரிக்கிறார்கள். செபி இணையதளத்தில் அந்தக் கம்பெனியைத் தேடி, அங்கே இருக்கும் போன் நம்பருக்கு நீங்களே பேசிப் பாருங்கள்.

ஏமாந்து விட்டீர்களா? முதல் வேலை 1930

சந்தேகம் வந்த உடனே 1930 என்ற இலவச எண்ணுக்கு போன் செய்யுங்கள். இது 24 மணி நேரமும் இயங்கும் சைபர் மோசடி உதவி எண். போன் இல்லை என்றால் பக்கத்து வீட்டுப் போனில் இருந்தும் பேசலாம்.

நீங்கள் சொல்லும் விவரத்தை அங்கே இருப்பவர்கள் கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள். உடனே உங்கள் பேங்குக்கும், பணம் போன பேங்குக்கும் தகவல் பறக்கும். பணம் அங்கே இருந்தால் அந்த பேங்க் அதை நிறுத்தி வைக்கும். அடுத்த அக்கவுண்டுக்குப் போயிருந்தால் அந்த பேங்குக்கு தகவல் போகும். இப்படி பணத்தைத் துரத்திக் கொண்டே போவார்கள்.

கும்பலும் சும்மா இருக்காது. ஒரு அக்கவுண்டில் விழுந்த பணத்தை சில நிமிடங்களில் பத்து அக்கவுண்டுக்குப் பிரிப்பார்கள். ஏ.டி.எம்.மில் எடுப்பார்கள், கிரிப்டோ கரன்சியாக மாற்றி வெளிநாட்டுக்குக் கடத்துவார்கள். அதற்குப் பிறகு மறிக்க ஒன்றும் இருக்காது. முதல் ஒரு மணி நேரத்தை 'பொன்னான நேரம்' என்று போலீசார் சொல்வது இதனால்தான். அதற்காக, நாள் ஆகி விட்டதே என்று விட்டு விடவும் வேண்டாம். கடைசியாக அனுப்பிய தொகையாவது நடுவில் எங்காவது நிற்கலாம்.

போன் செய்யும்போது கையில் இருக்க வேண்டியவை: உங்கள் பேங்க் பெயர், அக்கவுண்ட் நம்பர், பணம் போன தேதி, நேரம், தொகை, யார் பெயருக்குப் போனது, பணம் அனுப்பியதற்கான பரிவர்த்தனை எண். இந்த எண் ஜிபே, போன்பே ஆப்பிலும், பேங்கில் இருந்து வந்த எஸ்.எம்.எஸ்.சிலும் இருக்கும். தெரியவில்லை என்றால் பாஸ்புக்கை பேங்கில் பதிவு போட்டு வாங்கினால் தெரிந்து விடும்.

அடுத்து உங்கள் பேங்குக்கு போன் செய்யுங்கள். ஏ.டி.எம். கார்டின் பின்பக்கம் இருக்கும் நம்பருக்கு மட்டுமே அடிக்க வேண்டும். கூகுளில் தேடினால் போலி கஸ்டமர் கேர் நம்பர் கிடைத்து, இன்னொரு முறை ஏமாறும் ஆபத்து இருக்கிறது. அக்கவுண்டையும் யு.பி.ஐ.யையும் முடக்கச் சொல்லி, புகார் எண்ணைக் கேட்டு எழுதி வையுங்கள்.

1930-ல் பேசியதும் ஒரு ஒப்புகை எண் கிடைக்கும். 24 மணி நேரத்துக்குள் 'சைபர்கிரைம் டாட் ஜி.ஓ.வி. டாட் இன்' என்ற அரசு இணையதளத்தில் புகாரை முழுமையாகப் பதிவு செய்ய வேண்டும். கம்ப்யூட்டர் தெரியாதவர்கள் பேரனையோ, பக்கத்து வீட்டுப் பிள்ளையையோ கூட வைத்துச் செய்யலாம்.

பிறகு எழுத்து மூலம் புகார் கொடுக்க கங்கைகொண்டான் போலீஸ் நிலையத்துக்கோ, மாவட்ட சைபர் கிரைம் போலீசுக்கோ போகலாம். "இது எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்ப முடியாது. 2024 ஜூலை 1-ந்தேதி அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறை சட்டத்தின் 173-வது பிரிவு, குற்றம் எங்கே நடந்தாலும் எந்த போலீஸ் நிலையத்திலும் புகார் கொடுக்க வழி செய்கிறது.

ஆத்திரத்தில் வாட்ஸ்அப் சாட்டையும் ஆப்பையும் அழித்து விடாதீர்கள். அதுதான் ஆதாரம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். "போலீசுக்குப் போகிறேன்" என்று கும்பலிடம் சொல்லவும் வேண்டாம். சொன்னால் மிச்சம் இருக்கும் பணத்தையும் வேகமாக மாற்றி விடுவார்கள்.

நிறுத்தி வைத்த பணம் தானாக உங்கள் அக்கவுண்டுக்குத் திரும்பி விடாது. பெரும்பாலும் கோர்ட்டில் மனு போட்டு உத்தரவு வாங்க வேண்டி இருக்கும். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் 15100 என்ற சட்ட உதவி எண்ணில் கேட்கலாம்.

இரண்டாவது வலை

ஏமாந்தவர்களின் போன் நம்பரை வைத்துக் கொண்டு கும்பல் மறுபடியும் வரும். "உங்க பணத்தை மீட்டுத் தாரோம், பீஸ் 25 ஆயிரம் கட்டுங்க" என்பார்கள். வக்கீல் என்பார்கள், சைபர் போலீஸ் என்பார்கள். அரசு உதவி எண்ணில் புகார் செய்ய ஒரு பைசா கிடையாது. பீஸ் கேட்டால் அவனும் திருடனே.

"உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறது, வீடியோ காலை அணைக்காமல் இருங்கள்" என்று மிரட்டும் 'டிஜிட்டல் கைது' கும்பலும் இதே ரகம்தான். அப்படி ஒரு கைது சட்டத்தில் கிடையாது.

அக்கவுண்டை வாடகைக்கு விடாதீர்கள்

இது இளைஞர்களுக்கான எச்சரிக்கை. "உன் பேங்க் அக்கவுண்டையும் சிம் கார்டையும் கொடு, மாசம் 5 ஆயிரம் தாரேன்" என்று ஆள் பிடிக்கும் புரோக்கர்கள் இருக்கிறார்கள். அந்த அக்கவுண்டில் விழுவது யாரோ ஒரு பெரியவரின் ஓய்வூதியப் பணம். மியான்மரில் இருப்பவன் மாட்டுவானோ இல்லையோ, அக்கவுண்டுக்குச் சொந்தக்காரனைத் தேடித்தான் போலீஸ் முதலில் வரும். 5 ஆயிரத்துக்கு ஆசைப்பட்டு ஜெயிலுக்குப் போக வேண்டுமா?

பிள்ளைகள் செய்ய வேண்டியது

அப்பா, அம்மா கையில் போன் வாங்கிக் கொடுத்தால் மட்டும் போதாது. வாட்ஸ்அப் பிரைவசி செட்டிங்கில் போய், தெரிந்தவர்கள் மட்டும் குரூப்பில் சேர்க்கும்படி மாற்றிக் கொடுங்கள். போனில் இணைந்துள்ள அக்கவுண்டில் செலவுக்கு வேண்டிய பணம் மட்டும் இருக்கட்டும். ஓய்வுப் பணம் யு.பி.ஐ. இல்லாத வேறு அக்கவுண்டில் இருக்கட்டும். டெபாசிட்டை உடைக்கும் முன் "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா" என்று அன்பாகச் சொல்லி வையுங்கள்.

ஒருவேளை ஏமாந்து போய் வந்து சொன்னால் திட்டாதீர்கள். படித்தவர்கள், அதிகாரிகள், தொழில் அதிபர்கள் என்று எல்லோரும் இதில் ஏமாந்திருக்கிறார்கள். "உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்று கத்துகிற அந்தப் பத்து நிமிடத்தில் பணம் நாலு பேங்க் தாண்டி விடும். முதலில் 1930-க்கு அடியுங்கள். மற்றதைப் பிறகு பேசிக் கொள்ளலாம்.

எழுதி போன் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்

1930 - சைபர் பண மோசடி புகார், 24 மணி நேரமும்.

112 - போலீஸ் அவசர உதவி.

14567 - மூத்த குடிமக்கள் உதவி எண்.

15100 - இலவச சட்ட உதவி.